150 சொற்களுக்குள் நான்

போன மாதம் ஒரு ராத்திரி அக்கா மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. பதினைந்து வயது அவளுக்கு. "மாமா, ஒரு முகாமுக்கு அப்ளிகேஷன் போடணும். 'உங்களைப் பற்றி 150 சொற்களுக்குள் எழுதுங்கள்'னு கேட்டிருக்காங்க. ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன், பேரும் வயசும் தவிர ஒண்ணும் வரல." ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. "நான் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கே தெரியலையே, இது நார்மலா?"

நார்மல்தான் என்று உடனே தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் நார்மல் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவது பெரியவர்களுக்கு வசதியான பழக்கம். அவள் இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு நான் இரண்டு விநாடியில் பதில் சொன்னால் அது பதிலா?

சரி, அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சுலபமாகவே வந்தது. நான் அமைதியான பையன். யார் வம்புக்கும் போகமாட்டேன். கொஞ்சம் சோம்பேறி, காலையில் என்னை எழுப்புவதற்குள் வீடே ரெண்டாகிவிடும். ஆனால் என்ன ஆகவேண்டும் என்பதில் மட்டும் அப்போதே தெளிவு. இருபது வருடங்களுக்கு மேலாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், மனைவியிடம்கூட.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, போன முறை வீடு மாற்றியபோது ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் என் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. பதினைந்து வயதில் நாலு மாதம் விடாமல் எழுதியது. கிடைத்த அன்று திறக்கவில்லை (என் பழைய கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கூச்சம்), இந்த ராத்திரி திறந்தேன்.

அதில் இருந்தவன் வேறு யாரோ.

நாலு மாதத்தில் பதினோரு சண்டை. எண்ணிப் பார்த்தேன். அதில் இரண்டு கைகலப்பு, ஒன்று வகுப்பில் எல்லார் முன்னாலும் ஓர் ஆசிரியரிடம் குரலை உயர்த்திப் பேசி வெளியே நிற்க வைக்கப்பட்டது. எப்படி இதையெல்லாம் மறந்தேன் என்றே தெரியவில்லை. அப்புறம் பக்கம் பக்கமாக ஒரு பட்டியல்: தேதி, மணி, ரேடியோவில் சிற்றலையில் எந்த மீட்டரில் என்ன மொழி கேட்டது, குரல் ஆணா பெண்ணா, இரைச்சல் எவ்வளவு. 31 மீட்டர், 25 மீட்டர், 19 மீட்டர். புரியாத மொழிகளை எல்லாம் "மொழி அ", "மொழி ஆ" என்று பெயர் வைத்துக் குறித்திருக்கிறேன். அந்த ரேடியோ ஞாபகம் இருக்கிறது, இந்தப் பட்டியல் ஞாபகமே இல்லை. ராத்திரி பன்னிரண்டு, ஒன்று வரை காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனை என் வாழ்க்கைக் கதையிலிருந்து நானே எப்போதோ வெட்டி எறிந்திருக்கிறேன்.

எனக்கு மட்டும்தான் இப்படியா என்று பார்த்தால், இல்லை. டேனியல் ஆஃபர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1962-இல் பதினான்கு வயதுப் பையன்களிடம் அவர்களுடைய வீடு, பெற்றோர், நண்பர்கள், பயங்கள் பற்றியெல்லாம் விரிவாகக் கேட்டுப் பதிவு செய்து வைத்தார். அவர்களுக்கு 48 வயதானபோது அவரும் குழுவினரும் அவர்களில் 67 பேரைத் தேடிப் பிடித்து, பதினான்கு வயதில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார்கள். 2000-இல் வந்த அந்த ஆய்வின் முடிவு கொஞ்சம் பயமுறுத்துவது: அவர்கள் சொன்ன பதில்கள், காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னால் எவ்வளவு சரியாக இருக்குமோ அதைவிட மேலாக இல்லை. இவர்கள் மனநோயாளிகள் அல்லர், ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். "நாங்கெல்லாம் உன் வயசுல" என்று ஆரம்பிக்கும் எல்லா வாக்கியங்களையும் இந்த ஆய்வை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இனிமேல் கேட்கவேண்டும், நான் சொல்வதையும் சேர்த்து.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. பதினோரு சண்டை போட்டவனுக்கு "அமைதியான பையன்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நோட்டிலேயே விடை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு யாரோ உறவினர் வந்திருக்கிறார்கள். நான் மூலையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. போகும்போது அம்மாவிடம், "உங்க பையன் எவ்வளவு அமைதி, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் ஏன் பேசவில்லை என்று அன்றைக்கு எழுதியும் வைத்திருக்கிறேன்: முந்தின நாள் ஒரு கண்ணாடியை உடைத்திருந்தேன், வந்தவர்கள் போனதும் அப்பா கேட்பார், அந்தப் பயம். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு அமைதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. அடுத்தடுத்து வந்தவர்களிடம் அம்மாவே சொல்லத் தொடங்கினார். அடுத்த பருவத் தேர்வு அறிக்கையில் ஆசிரியர் ஒருவரும் அதே சொல்லை எழுதினார் (வெளியே நிற்க வைத்தவர் இல்லை, வேறொருவர்). நோட்டின் கடைசிப் பக்கங்களில் நானே எழுதுகிறேன்: "நான்தான் அமைதியானவன் ஆச்சே, நான் எதுக்குப் பேசணும், பேசறவங்க பேசட்டும்."

படித்ததும் உள்ளே ஏதோ சுருக்கென்றது. மூன்றே மாதத்தில் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, அது என் தோல் என்று நம்பிவிட்டிருக்கிறேன்.

சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்ற சமூகவியலாளர் 1902-லேயே இதற்குக் கண்ணாடியை உவமையாகச் சொன்னார். அடுத்தவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று முதலில் ஊகிக்கிறோம், அவர் நம்மை எப்படி எடைபோடுவார் என்று அப்புறம் ஊகிக்கிறோம், அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு பெருமையோ அவமானமோ படுகிறோம். இதில் கவனிக்கவேண்டியது, அடுத்தவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது எந்த இடத்திலும் வரவில்லை. எல்லாம் நம் ஊகம். இது எல்லா வயதிலும் நடப்பதுதான், ஆனால் பதினைந்து வயதில் கையில் வேறு ஆதாரமே இருக்காது. நாற்பது வயதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கோழை என்றால், இல்லையே, அந்த வருடம் அந்த வேலையைத் துணிந்து விட்டேனே என்று எடுத்துக்காட்ட என்னிடம் நாலு சம்பவம் இருக்கிறது. பதினைந்தில் யார் எதைச் சொன்னாலும் ஒட்டிக்கொள்ளும், நல்ல பெயராக இருந்தால் இன்னும் கெட்டியாக. அக்கா மகளுக்குத் தம்பி பிறந்த நாளிலிருந்து "பொறுப்பான பொண்ணு" என்று பெயர். பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பெயர் வந்ததிலிருந்து அவள் எதையும் மறந்து போவதற்கோ, தவறவிடுவதற்கோ, எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கோ அனுமதி இல்லாமல் போய்விட்டது. திட்டுப் பெயரையாவது எதிர்த்துச் சண்டை போடலாம், பாராட்டோடு எப்படிச் சண்டை போடுவது? அவளை நானும் அப்படிப் பலமுறை அழைத்திருக்கிறேன்.

மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். எழுத வராததற்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "எந்த என்னை எழுதறது மாமா? கிளாஸ்ல இருக்கறப்ப ஒரு மாதிரி இருக்கேன், ஃப்ரெண்ட்ஸ்கூட வேற மாதிரி, வீட்டுல சிடுசிடுன்னு, தனியா இருந்தா இன்னொரு மாதிரி. எதை எழுதினாலும் மத்ததெல்லாம் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

என் நோட்டில் ஏறக்குறைய இதே வரி இருந்தது. "சாயங்காலம் அவனுங்களோட விழுந்து விழுந்து சிரிச்சது நானா, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டது நானா, ரெண்டுல எது நடிப்பு?"

சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் பல வருடங்கள் இதையே ஆராய்ந்தவர். பதின்ம வயதினரிடம் பெற்றோரோடு எப்படி, நண்பர்களோடு எப்படி, வகுப்பில் எப்படி என்று தனித்தனியாக எழுதச் சொல்லி, அதில் ஏதாவது ஒன்று இன்னொன்றோடு முரண்படுகிறது என்று நீங்கள் நினைத்தால் கோடு போட்டுக் காட்டுங்கள் என்பார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் முரண்பாடாகத்தான் எழுதுவார்கள், ஆனால் அது அவர்களை உறுத்தாது. பதினான்கு, பதினைந்தில்தான் முரண்பாடு கண்ணில் பட்டு, பெரிய தொல்லையாக மாறுகிறது. பதினேழு, பதினெட்டுக்குப் பக்கத்தில் "ஆளுக்குத் தகுந்த மாதிரி, இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறுவேன், அதுவும் நான்தான்" என்று மெல்லச் சமாதானம் வருகிறது. அதாவது என் அக்கா மகளின் குழப்பம், அவளுடைய சிந்தனை ஒரு படி ஏறியதால் வந்தது. முன்பு தெரியாத விரிசல் இப்போது தெரிகிறது. இதைச் சொன்னதும் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "சரி, அதுக்கு இப்ப 150 சொல் எப்படி எழுதறது?" என்றாள்.

நான் அலுவலகத்தில் பேசும் குரல் வேறு, அக்காவிடம் சண்டை போடும் குரல் வேறு, அதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை. பதினைந்து வயதில் மட்டும் அதற்கு ஏன் இவ்வளவு குற்ற உணர்ச்சி என்று யோசித்தால், அந்த வயதில் எல்லாவற்றையும் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். மேடையே இல்லாத இடத்தில் மேடை, ஆளே இல்லாத இடத்தில் கூட்டம்.

என் நோட்டில் மூன்று பக்கம் முழுக்க ஒரே ஒரு காலை நேரம். பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவிப்பு வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் என் குரல் உடைந்து, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. குரல்வளை வளரும் வயது, யாருக்கும் நடப்பது. நான் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏதோ பூகம்பம் வந்ததுபோல இருக்கிறது. இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகக்கூடாது, பெயரை மாற்றிக்கொள்ளலாமா, அது இது என்று. பல வருடம் கழித்துப் பழைய நண்பர்கள் சந்தித்தபோது, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நானே அந்தக் கதையை எடுத்தேன். யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒருவன் மட்டும், "இரு இரு, அன்னிக்கு நான் உனக்கு நேர் முன்னாடி முதல் வரிசையில நின்னேன்" என்றான். சரி, மாட்டினேன் என்று நினைத்தேன். அவன் சொன்னான்: "அன்னிக்கு அவசரத்துல ரெண்டு காலுக்கும் வேற வேற ஷூ போட்டுட்டு வந்துட்டேன்டா. நீ மேல நின்னு என் காலையே பார்க்கறேன்னு நினைச்சுச் செத்துட்டேன்."

நான் அவன் காலைப் பார்க்கவே இல்லை. அவன் என் குரலைக் கேட்கவே இல்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான டி-ஷர்ட்டை ஒரு மாணவரிடம் கொடுத்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், போட்டவர்கள் சராசரியாகப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் யார் முகம் என்று சொல்ல முடிந்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். 2000-இல் வெளியானது. இவர்கள் கல்லூரி மாணவர்கள், எல்கைண்ட் சொன்ன பதின்ம வயதைக் கிட்டத்தட்டத் தாண்டியவர்கள். அவர்களுக்கே இப்படி.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. "உங்களுக்குக் கற்பனைக் கூட்டம் மாமா. எனக்கு எத்தனை பேர் பார்த்தாங்கன்னு போன்லயே நம்பர் வருதே?" உண்மைதான். என் கீச்சுக்குரல் காற்றோடு போனது. அவள் குரல் உடைந்திருந்தால் யாராவது பதிவு செய்து குரூப்பில் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, கவலைப்படாதே என்ற எங்கள் தலைமுறை ஆறுதல் அவளிடம் செல்லாது. ஒன்று மட்டும் சொன்னேன்: பார்த்தவர்கள் எண்ணிக்கை தெரியும், எத்தனை விநாடி நினைத்தார்கள் என்பது தெரியாது. அவள் ம்ம் என்றாள். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

சோம்பேறி என்ற பட்டத்துக்கு வருகிறேன், இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பருவமடையும் காலத்தில் உடலின் உள்கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது, அதனால் பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது, காலையில் எழுப்பினால் உடம்புக்கு அது நடுராத்திரி. மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதைத்தான் அளந்து காட்டினார். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இந்த வயதினருக்கான பள்ளிகளைக் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கவேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ரேடியோவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் இருபது வருடமாக என் குணத்தில் ஒரு குறை என்று நான் நம்பிச் சுமந்ததில் பாதிக்கு மேல் ஒரு ஹார்மோனின் நேர அட்டவணை. கோபத்தோடு சிரிப்பும் வந்தது.

மூளையைப் பற்றியும் எல்லோரும் ஒன்று சொல்வார்கள், 25 வயதில்தான் முழுமை அடைகிறது என்று. 25 என்பது கோடு போட்டு வைத்த எண் இல்லை, திட்டமிடலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் முக்கியமான நெற்றிப்பகுதி இருபதுகளிலும் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனை. வீடியோ கேமில் கார் ஓட்டவேண்டும், சிக்னல் மாறப்போகிறது, நிறுத்தவேண்டுமா இன்னும் கொஞ்சம் போகலாமா. பக்கத்தில் நண்பர்கள் இருந்தால் பதின்மூன்று முதல் பதினாறு வயதினர் எடுத்த ரிஸ்க் தெளிவாகக் கூடியது, பெரியவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் இல்லை. என்னுடைய அந்த இரண்டு கைகலப்பும் நண்பர்கள் சுற்றி நிற்கும்போதுதான் நடந்திருக்கின்றன என்பதை இதைப் படித்த பிறகு நோட்டில் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

இனி அந்த "தெளிவு". இதுதான் எனக்கு ரொம்ப வலித்த இடம்.

பதினான்கு வயதில் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் இன்ஜினியர் என்று பட்டென்று சொல்வேன். எல்லோரும் பாராட்டுவார்கள். நோட்டு முழுக்கத் தேடினேன், நான்கு மாதத்தில் இன்ஜினியரிங் பற்றி ஒரு வரி இல்லை. நட்டு, போல்ட், மோட்டார், பாலம், எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் குரல்கள், மொழிகள், எந்த மொழியில் மூக்கொலி அதிகம், எதில் வாக்கியம் மேலே ஏறி முடிகிறது என்ற குறிப்புகள். அதை எழுதியவன் ஒருவன், தெளிவு என்று பேசியது வேறு யாரோ.

உளவியலாளர் எரிக் எரிக்சன்தான் இந்தப் பருவத்தின் மையக் கேள்வி "நான் யார்" என்பது என்று சொல்லிப் புகழ் பெற்றவர். அவருக்கே இது சொந்தக் கதை. 1902-இல் பிறந்தவர், தன்னைப் பெற்ற தந்தை யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது, மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்து, பிறகு அமெரிக்கக் குடிமகனான சமயத்தில் எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். இளமையில் நாலு காலம் சுற்றித் திரிந்து, இது என்ன அது என்ன என்று முயன்று பார்க்கச் சமூகம் தரும் அவகாசம் என்று ஒன்றைப் பற்றி அவர் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் இரண்டு கேள்வி கேட்டார்: நீ தேடிப் பார்த்தாயா? ஒன்றில் உறுதியாக நின்றாயா? தேடவும் இல்லை, நிற்கவும் இல்லை என்றால் ஒரு நிலை. தேடி, ஒன்றில் நின்றால் ஒரு நிலை. தேடிக்கொண்டே இருக்கிறாய், இன்னும் நிற்கவில்லை என்றால் அது எரிக்சன் சொன்ன அந்த அவகாசம். நாலாவது நிலையில்தான் நான் மாட்டினேன். தேடவே இல்லை, ஆனால் உறுதியாக நின்றுவிட்டேன், மற்றவர்கள் காட்டிய இடத்தில்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த நாலாவது நிலைதான் மிக அழகாக இருக்கும். பிள்ளை தெளிவாக இருக்கிறான், பெற்றோருக்கு நிம்மதி, உறவினருக்குப் பொறாமை. என் வகுப்பில் இன்னொருவன் இருந்தான், மாதத்துக்கு ஒன்று சொல்வான், நாடகம், அப்புறம் பறவை ஆராய்ச்சி, அப்புறம் வக்கீல். அவனைப் பார்த்து எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள், நானும். இருபத்தெட்டில் அவன் ஒரு வேலையில் நின்றான், இப்போதும் அதில் இருக்கிறான். இருபத்தொன்பதில் நான் ஒரு ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இந்த வேலையை நான் எப்போது தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்து, ஒரு நாளும் தேர்ந்தெடுக்கவில்லை என்று கண்டுபிடித்தேன். நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும், பெற்றோர் காட்டிய பாதையில் போய்ச் சந்தோஷமாக இருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், தேடியவர்கள் எல்லோரும் கண்டடைவதும் இல்லை, அதற்கு அவகாசம் தர எல்லாக் குடும்பத்துக்கும் வசதியும் இல்லை. என் குறை தேடவில்லை என்பதுகூட இல்லை. நோட்டில் தேடிக்கொண்டுதான் இருந்தேன், அதைத் தேடல் என்று யாரும் சொல்லாததால் நானும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டேன்.

இதற்கிடையில் அக்கா மகள் இணையத்தில் ஓர் ஆளுமைச் சோதனை எடுத்து, ஆளை நாலு ஆங்கில எழுத்துகளில் வகைப்படுத்தும் அதன் முடிவை எனக்கு அனுப்பி, "அப்படியே நான்தான் மாமா!" என்றிருந்தாள். நான் கொஞ்சம் கொடுமைக்காரன். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் செய்ததை அவளுக்குச் சொன்னேன். தன் வகுப்பின் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு ஆளுமை அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை, ஜோசியப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த வரிகள். "சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கி இருப்பீர்கள்" என்ற ரகம். யாருக்குப் பொருந்தாது? அவள் கொஞ்ச நேரம் கோபமாக இருந்தாள். ஆனால் அவள் அந்தச் சோதனையைத் தேடிப் போனது எனக்குப் புரிகிறது. தன்னை யாராவது வெளியிலிருந்து பார்த்து ஒழுங்காக நாலு வரி சொன்னால் தேவலை என்று இருக்கும், அந்த வயதில். எனக்கு "அமைதியான பையன்" கிடைத்தது, அவளுக்கு நாலு எழுத்து.

என் நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு விஷயம் கவனித்தேன். அதில் இரண்டு வகைப் பக்கங்கள். ஒரு வகை, "நான் ஏன் இப்படி இருக்கேன், நான் ஒரு முட்டாள், எனக்கு எதுவும் வராது" என்று ஓடுபவை. இன்றைக்கு அவற்றில் எனக்குத் தெரிந்துகொள்ள எதுவுமே இல்லை, எந்தப் பையனின் நோட்டிலும் இருக்கக்கூடிய பக்கங்கள். இன்னொரு வகை, என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எனக்கு எங்கே வயிற்றைப் பிசைந்தது, எத்தனை மணிவரை ரேடியோ கேட்டேன் என்ற வெறும் தகவல்கள். என்னைப் பற்றி எழுதாத பக்கங்களில்தான் நான் இருக்கிறேன். "ஏன்" என்று குடைந்துகொண்டே இருப்பது செக்குமாடு சுற்றுவதுபோல. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் அசைபோடுதல் என்று இதைத்தான் ஆராய்ந்தார், மனச்சோர்வை அது நீட்டிக்கிறது என்பது அவர் ஆய்வுகள் காட்டியது. எழுதுவதே உதவும் என்பதற்கும் ஆதாரம் உண்டு: 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து தினம் 15 நிமிடம் மனத்தை அழுத்தும் சம்பவத்தையும் அப்போதைய உணர்ச்சிகளையும் எழுதச் சொன்னார், அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. முதலில் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்திருக்கிறது அவர்களுக்கும்.

எழுதித் தீராததும் உண்டு, அதையும் அவளிடம் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டே கிடந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், நோட்டோடு நிற்காமல் ஒரு பெரியவரிடம், மருத்துவரிடம் சொல்லவேண்டும். என்னிடமும் சொல்லலாம், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும். "தெரியும் மாமா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

150 சொல் விஷயத்துக்கு நான் சொன்ன யோசனை இவ்வளவுதான்: நீ எப்படிப்பட்டவள் என்று எழுதாதே, போன ஒரு மாதத்தில் யாரும் சொல்லாமல், மார்க்கும் கிடைக்காமல், படமெடுத்து எங்கும் போடாமல் நீ என்னென்ன செய்தாய் என்று எழுது.

"யாரும் சொல்லாமயா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வீட்டில் யார் மாடிப்படி ஏறினாலும் காலடிச் சத்தத்தை வைத்து யார் என்று சொல்லிவிடுவாளாம். கோபமாக ஏறுகிறார்களா, களைப்பாக ஏறுகிறார்களா என்பதுகூடத் தெரியுமாம். அதைப் போனில் பதிவு செய்து வைக்க ஆரம்பித்து, இப்போது கதவு, குழாய், தம்பி பொய் சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல் இருக்கிறதாம். "லூசு மாதிரி இருக்குல்ல?" என்றாள். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. சிற்றலைப் பட்டியலைப் பற்றி அவளிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து எழுதி அனுப்பினாள். 148 சொற்கள், முழுக்கச் சத்தங்கள். "பொறுப்பான" என்ற சொல் எங்கும் இல்லை. முடிவு இன்னும் வரவில்லை, கிடைத்தால் கிடைக்கட்டும்.

அப்புறம் அந்த நோட்டை ஒருமுறை படிக்கக் கேட்டாள். கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் ஞாபகமில்லை என்று அவளுக்கு அவ்வளவு விளக்கிய நான், கொடுப்பதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, கீச்சுக்குரல் பற்றிய அந்த மூன்று பக்கங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன், நாலு ஓரத்திலும்.

போன வாரம் திருப்பிக் கொடுத்தாள். பின்களை எல்லாம் பிடுங்கி, அதே ஓட்டைகளில் திரும்பச் செருகி, முனைகளை மடக்கி வைத்திருந்தாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.